மேற்குப் பார்த்த மாடி வீடு: வாடகைக்கு விட எப்படிப் படம் எடுப்பது?

கேட்டவரின் நிலைமை இது. கிருஷ்ணகிரி நகரத்தில் மாடி வீடு, இரண்டு படுக்கையறை, மேற்குப் பார்த்த வாசல். குடியிருந்தவர்கள் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. கைபேசியில் இருபது படம் எடுத்துப் போட்டிருக்கிறார், அழைப்பே இல்லை. தெரிந்தவர் மூலம் வந்து பார்த்த ஒரு குடும்பம் மட்டும், "படத்தில் இருட்டு வீடு மாதிரி இருந்தது, நேரில் நல்ல வெளிச்சமாக இருக்கிறதே" என்று சொல்லியிருக்கிறது. நல்ல கேமரா வாங்கவேண்டுமா, ஸ்டூடியோக்காரரை வரச் சொல்லவேண்டுமா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். நான் ஸ்டூடியோக்காரன்தான், கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று போய்க்கொண்டிருந்த தொழிலில் எட்டு வருடமாக வீட்டுப் படமும் சேர்ந்துகொண்டது. ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று இந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளுக்குள் போய்வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களிடம் இருக்கும் கைபேசியே போதும். அந்தக் குடும்பம் சொன்ன வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் வேலை.

முதலில் நேரம். வீட்டுப் படம் கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் எடுத்த நேரம். பெரும்பாலானவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் எல்லா அறையையும் எடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரே நேரத்தில் எல்லா அறையும் நன்றாக இருக்கவே முடியாது. சூரியன் ஒரு பக்கம்தான் இருக்கும்.

நம் ஊரில் இதைக் கணக்குப் போடுவது எளிது, ஏனென்றால் பெரும்பாலான வீடுகள் வாஸ்து பார்த்துத்தான் கட்டப்படுகின்றன. சமையலறை தென்கிழக்கு, அதாவது அக்கினி மூலை. பெரிய படுக்கையறை தென்மேற்கு, கன்னி மூலை. உங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சமையலறைக்குக் காலை வெயில் நேராக ஜன்னல் வழியாக வரும். ஏழு, எட்டு மணிக்கு எடுத்தால் மேடையில் ஒரு இடம் வெள்ளையாக எரியும், மற்ற இடம் கறுப்பாகிவிடும். பத்து, பத்தரைக்கு மேல் வெயில் ஜன்னலை விட்டு மேலே ஏறிவிடும். வெளிச்சம் மட்டும் அறை முழுக்கப் பரவி நிற்கும். அப்போது எடுங்கள். கன்னி மூலைப் படுக்கையறைக்குக் காலைதான் நல்ல நேரம். மதியம் இரண்டுக்கு மேல் அந்த அறைக்குள் நேர் வெயில் வந்துவிடும், படமும் கெடும், நீங்களும் வியர்த்துக் கொட்டி அவசரப்படுவீர்கள். ஹாலும் காலையில்தான். மேற்கு வாசல் என்பதால் சாயங்காலம் கதவு வழியாக வெயில் பாய்ந்து தரையில் பளீரென்று ஒரு கட்டம் விழும். அந்தக் கட்டத்துக்கு ஏற்றபடி கைபேசி வெளிச்சத்தைக் குறைக்கும். ஹால் குகை மாதிரி ஆகிவிடும். உங்கள் படங்களில் நடந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் வீட்டின் முகப்பைச் சாயங்காலம்தான் எடுக்கவேண்டும். மேற்குப் பார்த்த முகப்புக்குக் காலையில் வெளிச்சம் பின்பக்கத்தில் இருக்கும். வானம் வெளுத்து, சுவர் இருண்டு போகும். நாலரை மணிக்கு மேல் அதே சுவர் பொன்னாக நிற்கும். அதனால் உங்களுக்கு இரண்டு தடவை போகிற வேலை: காலை பத்து மணிக்கு உள்ளே, மாலை நாலரைக்கு வெளியே.

வடக்கு வாசல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். கிருஷ்ணகிரி சுமார் பன்னிரண்டரை பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை பத்துத் தேதிவாக்கில் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குப் பார்த்த முகப்பின்மேல் வெயில் விழும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் நிழல்தான்; மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்கவே நிழல். அப்போது மேகமூட்டமான நாளாகப் பார்த்து எடுக்கவேண்டும். வானமும் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும்.

மேகமூட்டம் என்றதும் ஆடி மாதம் ஞாபகம் வருகிறது. ஆடியில் நம் பக்கம் யாரும் குடி போகமாட்டார்கள். தரகர்களும் வீட்டுக்காரர்களும் அந்த மாதத்தைச் செத்த மாதம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வீட்டுப் படத்துக்குப் பிடித்த மாதம். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கமெல்லாம் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், வெயில் கூசாது, எந்த ஜன்னலும் எரியாது. ஆடியில் படம் எடுத்து, கடைசி வாரத்தில் போட்டு வைத்தால், ஆவணியில் பால் காய்ச்ச நாள் பார்ப்பவர்கள் கண்ணில் முதலில் நீங்கள்தான் படுவீர்கள். காற்றுக்குத் தூசி அள்ளிக்கொண்டு வரும் என்பது ஒன்றுதான் தொந்தரவு. எடுப்பதற்கு முன் ஒரு முறை துடைத்துவிடவேண்டும்.

சரி, கைபேசிக்கு வருவோம். முதலில் பின்பக்க லென்ஸைப் பனியன் துணியால் துடையுங்கள். இதைப் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள், உண்மையாகவே துடையுங்கள். சட்டைப்பையிலும் எண்ணெய்க் கையிலும் கிடக்கும் லென்ஸ், ஜன்னல் வெளிச்சம் பட்டதும் படம் முழுக்கப் புகை அடித்த மாதிரி ஆக்கிவிடும். அடுத்து, கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை இயக்கிவையுங்கள். ஃபிளாஷை நிறுத்துங்கள். எச்டிஆர் இருந்தால் இருக்கட்டும். ஜன்னலுக்கு வெளியேயும் அறைக்குள்ளேயும் ஒருசேரத் தெரிய அது உதவும்.

கைபேசியைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். நெஞ்சுயரத்தில், தரையிலிருந்து சுமார் நான்கு அடியில் இருக்கட்டும். கண்ணுயரத்தில் பிடித்தால் தரையைக் காட்டுவதற்காகக் கை தானாகவே கீழே சாயும்; சாய்ந்த உடனே சுவர்களும் கதவு நிலையும் விரிந்து சரிந்து தெரியும். கதவு நிலையின் கோடும் திரையில் இருக்கும் கட்டக்கோடும் இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே படம் தொழில்காரர் எடுத்த மாதிரி ஆகிவிடும். சமையலறையில் மட்டும் அரை அடி உயர்த்திக்கொள்ளுங்கள், மேடையின் மேல்பரப்பு தெரியவேண்டும்.

எங்கே நிற்பது? அறைக்குள் போய் நடுவில் நிற்கக்கூடாது. வாசற்படியில், அல்லது வாசலுக்கு வெளியே ஓரடி பின்னால் நின்று, எதிர் மூலையைப் பார்த்து எடுங்கள். பத்துக்குப் பத்து அறை என்றாலும் எதிரே இரண்டு சுவரும் ஜன்னலும் தரையும் வந்துவிடும். மனிதர் முதலில் அந்த அறையைப் பார்ப்பதும் வாசலில் நின்றுதானே. அப்புறம் எதிர் மூலைக்குப் போய், கதவைப் பார்த்து இன்னொன்று. ஒரு அறைக்கு இரண்டு படம் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இப்போதைய கைபேசிகளில் 0.5 என்று ஒரு அகல லென்ஸ் இருக்கிறது. சின்ன அறையைத் தொட்டதும் எல்லாரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். அது ஓரத்தில் இருப்பதை இழுக்கும், எதிர்ச் சுவரைத் தூரத்துக்குத் தள்ளும். பத்தடி அறை பதினாறடி மாதிரி தெரியும். வீட்டுப் படம் எடுக்கத் தொடங்கிய புதிதில் நானும் அகல லென்ஸைத்தான் பயன்படுத்தினேன். ஓசூரில் ஒரு வீட்டை அப்படி எடுத்துக் கொடுத்தேன். படம் பார்த்து வேலூரிலிருந்து கணவன் மனைவி இரண்டு பேர், கைக்குழந்தையோடு பஸ் பிடித்து வந்தார்கள். அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். கையில் கட்டில் அளவு எழுதிய சீட்டு வைத்திருந்தார். அறைக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "படத்துல பெருசா இருந்துச்சேங்க" என்று அந்த அம்மா மெதுவாகத்தான் சொன்னார். கட்டில் போட்டால் பீரோ கதவு திறக்காது. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் அவர்களுக்குப் போயிற்று. வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். அன்றிலிருந்து அறைக்குள் நான் 0.5 தொடுவதில்லை. 1 என்று இருக்கும் சாதாரண லென்ஸ் போதும். கழிப்பறை மாதிரி நிற்கவே இடமில்லாத ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் அகல லென்ஸைப் பயன்படுத்திவிட்டு, அளவைப் படத்தின் கீழே எழுதிவிடுவேன்.

அளவு என்றதும் இன்னொன்று. டேப் வைத்து ஒவ்வொரு அறையையும் அளந்து, ஒரு வெள்ளைத் தாளில் கையால் வரைபடம் போட்டு, அதையும் படம் எடுத்துச் சேருங்கள். கோடு நேராக இல்லாவிட்டால் பரவாயில்லை. வாசல் எந்தத் திசை, ஹால் எத்தனைக்கு எத்தனை, ஜன்னல் எங்கே, பீரோ வைக்க இடம் எது என்று இருந்தால் போதும். நான் இதைச் சொல்லிச் செய்தவர்கள் எல்லாரும், வருகிறவர்கள் முதலில் இந்தத் தாளைப் பற்றித்தான் பேசினார்கள் என்றார்கள். வாஸ்து பார்ப்பவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

விளக்குகளைப் பற்றி. பகலில் வெளிச்சம் போதும் என்றால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவது நல்லது. ஒரு அறையில் வெள்ளை எல்இடி, இன்னொன்றில் மஞ்சள் பல்பு, ஜன்னலில் பகல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்தால், ஒரே சுவர் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பழுப்பாகவும் தெரியும். விளக்கைப் போட்டே ஆகவேண்டும் என்றால் எல்லா பல்பையும் ஒரே நிறமாக மாற்றிக்கொள்ளுங்கள். சில படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கைபேசி அதைவிட வேகமாகப் படம் பிடித்தால் அந்த மினுக்கல் கோடாகப் பதியும். கேமராவை நாமே அமைத்துக்கொள்ளும் ப்ரோ முறையில் ஷட்டரை, அதாவது படம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் போய்விடும். மின்விசிறியையும் நிறுத்துங்கள், சுற்றும் விசிறி படத்தில் கலங்கிய கறையாகத்தான் வரும்.

சுவர் நிறம் நம் ஊர் வீடுகளில் ஒரு சோதனை. கிளிப்பச்சை, ரோஸ், ஊதா என்று அறைக்கு ஒரு நிறம் அடித்திருப்பார்கள். கிளிப்பச்சை அறையில் எல்லாமே பச்சையாகத் தெரியும். கைபேசி அதைச் சரிசெய்யப் பார்த்துத் தரையை ரோஸாக மாற்றிவிடும். அந்த மாதிரி அறையில் ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்து, விளக்கை அணைத்து எடுங்கள். வெள்ளையாக இருக்கும் சுவிட்ச் போர்டு வெள்ளையாகவே தெரிகிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் நிறம் சரி. மறுபடி பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால், உள்ளே இளம் நிறமாக அடிப்பது படத்துக்கும் குடியிருப்பவருக்கும் நல்லது.

கிரானைட் மேடை இன்னொரு சோதனை. கிரானைட் குவாரிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. சின்ன வீட்டிலும் பளபளக்கும் கறுப்புக் கல் இருக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் கல்லில் ஜன்னல் அப்படியே வெள்ளையாகப் பிரதிபலிக்கும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் அது மறையும். கறுப்புக் கல்லில் துடைத்த துணியின் கோடுகூடத் தெரியும் என்பதால் ஈரத்துணிக்குப் பிறகு காய்ந்த துணியாலும் துடைக்கவேண்டும்.

இப்போது குளியலறை. இந்தப் பகுதியில் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான். குழாயிலும் டைல்ஸிலும் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் படத்தில் அழுக்காகத் தெரிவது அந்த உப்புதான். ஆசிட் ஊற்றாதீர்கள், குழாயின் பளபளப்பும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டும் போய்விடும். புளியோ வினிகரோ தடவி, அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் குழாய் பளிச்சென்று ஆகும். பளிங்குக் கல் மேல் மட்டும் புளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாளி, மக், விளக்குமாறு, பழைய சோப்பு டப்பா எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் மூடி மூடியிருக்கட்டும். இந்தியக் கழிப்பறை என்றால் அதையும் மறைக்காமல் எடுங்கள். வயதான பெற்றோரோடு வருபவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். கண்ணாடி இருந்தால், அதில் நீங்கள் தெரியாத கோணம் பார்த்து நில்லுங்கள்.

படுக்கையறையும் ஹாலும் எல்லாரும் எடுக்கிறார்கள். வாடகைக்கு வருபவர்கள் கேட்பதோ வேறு. ஃபோனில் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். தண்ணீர் எப்படி? மீட்டர் தனியா? வண்டி எங்கே நிறுத்துவது? துணி எங்கே காயப்போடுவது? மாடிப்படி வெளியிலா, வீட்டுக்காரர் வீட்டு வழியாகவா? இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

தண்ணீர் விஷயம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் உயிரான விஷயம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பல் கறையும் எலும்பு வலியும் பட்ட ஊர்கள் இங்கே நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தபிறகு, "ஒகேனக்கல் தண்ணி வருதுங்களா?" என்பது வீடு தேடுபவரின் முதல் கேள்வியாகிவிட்டது. உங்கள் வீட்டில் அந்தக் குழாய் தனியாக இருந்தால், தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு குடத்தை வைத்து, தண்ணீர் விழும்போதே ஒரு படம் எடுங்கள். கூடவே சம்ப், மோட்டார் சுவிட்ச், மொட்டை மாடித் தொட்டி. பளபளப்பான ஹால் படத்தைவிட அந்தக் குடத்துப் படம் குழந்தை வைத்திருக்கும் குடும்பத்தைக் கூட்டிவரும். நான் மனதாரச் சொல்கிறேன், வீட்டுப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் கீழே எழுதுங்கள்.

மீட்டர் படமும் முக்கியம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கே நேராகக் கிடைக்கும். மீட்டர் தனியாக இருப்பதைக் காட்டுங்கள், ஆனால் இணைப்பு எண்ணை மறைத்துவிடுங்கள்.

மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம், துணிக்கொடி கட்டிய மொட்டை மாடி, தெரு. தெருப் படத்தை வீட்டுக்காரர்கள் போடவே மாட்டார்கள். போடவேண்டும். கார் உள்ளே வருமா, சாக்கடை மூடியிருக்கிறதா, இரவில் பெண்பிள்ளை நடந்து வரலாமா என்று பார்ப்பவர் அதில்தான் தெரிந்துகொள்வார். தெருவிளக்கு எரியும் நேரத்தில் ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஓசூர் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஒடிசா, பீகார், கேரளா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நீங்கள் எழுதும் தமிழ் விளம்பரத்தை அவர்களில் பலரால் படிக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியின் படத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்வது பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பழைய காலண்டர், ஆணியில் தொங்கும் பை, ஒட்டிய ஸ்டிக்கர், பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டி, இவற்றை எடுத்துவிடுங்கள். நிலைப்படியில் காய்ந்து கருகிய மாவிலைத் தோரணம் தொங்கினால், புதிதாக ஒன்று கட்டுங்கள். வாசலில் நான்கு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் போடச் சொல்லுங்கள். காலி வீடு பாழடைந்த வீடு மாதிரி தெரிவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பூஜை அறையில் சாமி படங்கள் இல்லாமல் வெறும் மாடம் மட்டும் இருந்தால் போதும். எந்த மதத்தவர் பார்த்தாலும் தன் வீடாக நினைத்துக்கொள்வார்.

உங்கள் வீடு காலியாக இருக்கிறது, அதனால் சிக்கல் இல்லை. ஆனால் ஆள் குடியிருக்கும்போதே படம் எடுக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் சௌகரியப்பட்ட நாளில் போகவேண்டும். அவர்கள் வீட்டுக் குழந்தையின் படம், பீரோ, நகைக்கடைப் பை, ரேஷன் கார்டு, வண்டி எண் எதுவும் படத்தில் வரக்கூடாது. வாடகை கொடுத்து இருக்கும்வரை அது அவர்கள் வீடு.

எடுத்தபிறகு திருத்துவது. ஸ்னாப்சீட் மாதிரி இலவசச் செயலி போதும். சாய்ந்த சுவரை நேராக்கலாம், நிழலைக் கொஞ்சம் தூக்கலாம், நிறத்தைச் சரிபார்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை அழிப்பது, ஈரம் ஊறிய சுவரை வெளுப்பாக்குவது, ஏஐ வைத்துக் காலி ஹாலில் சோபா போடுவது எல்லாம் இப்போது ஒரு விரலில் நடந்துவிடுகிறது. செய்யாதீர்கள். வருகிறவர் வாசலில் நின்று மேலே பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயேதான் இருக்கும். சுவரில் ஈரக்கறை இருந்தால் முதலில் மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்து, அப்புறம் படம் எடுங்கள். சரிசெய்ய முடியாத குறையை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். "படுக்கையறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது" என்று எழுதிய ஒருவருக்கு நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன். அழைப்புகள் குறைவாகத்தான் வந்தன. வந்த மூன்றாவது குடும்பமே அட்வான்ஸ் கொடுத்தது.

இருபது படம் வேண்டாம். பன்னிரண்டு, பதினான்கு போதும். வரிசை முக்கியம். முதல் படம்தான் விரலை நிறுத்தும், அது ஹாலாக இருக்கட்டும். மாலை வெயிலில் முகப்பு மிக நன்றாக வந்திருந்தால் அது. அப்புறம் ஒரு ஆள் வீட்டுக்குள் நடந்து வருகிற வரிசையிலேயே வையுங்கள்: தெரு, படி, வாசல், ஹால், சமையலறை, படுக்கையறைகள், குளியலறை, மொட்டை மாடி, தண்ணீர், மீட்டர், கடைசியில் வரைபடத் தாள். இப்படி வைத்தால் பார்ப்பவர் மனதுக்குள் வீடு தானாகவே கட்டிக்கொள்ளும். இடையில் எது எந்த அறை என்று குழம்பினால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு நிமிடக் காணொளியும் இருந்தால் நல்லது. அதே வரிசையில், மெதுவாக நடந்து, பேசாமல் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் தரகருக்கோ நண்பருக்கோ அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும். எச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். டாக்குமென்டாக அனுப்பினால் படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும்; அதனால் எடுப்பதற்கு முன்பே கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: நல்ல படமாக இருந்தால் திருடுவார்கள். அடுத்தவர் வீட்டுப் படத்தைப் போட்டு, குறைந்த வாடகை சொல்லி, வீட்டைக் காட்டாமலே டோக்கன் அட்வான்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் மெல்லிய எழுத்தில் பேட்டையின் பெயரையும், "நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்" என்ற வரியையும் போட்டுவிடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் அழகு குறையும்தான். யாரோ ஒருவரின் ஐயாயிரம் ரூபாய் தப்பினால் அந்த அழகு போனால் போகட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். விளம்பரத்துக்கு எடுத்த படங்கள் வேறு, சாவி கொடுக்கும் நாளில் எடுக்கவேண்டிய படங்கள் வேறு. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதியவும் வேண்டும். அந்த ஒப்பந்தத்தோடு, குடிவருபவரும் நீங்களும் சேர்ந்து நின்று ஒவ்வொரு சுவர், குழாய், கதவு, சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் குறையோடு படம் எடுத்து, இருவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வெளிச்சம், கோணம் எதுவும் பார்க்கவேண்டாம். கீறல் தெரிகிற மாதிரி கிட்டே போய் எடுங்கள். அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்கும் நாளில் நடக்கும் சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர்கள் மாதிரி இருந்தவர்கள் ஒரு வாஷ்பேசின் விரிசலுக்காக முகம் திருப்பிக்கொண்டு போனார்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வருகிற சனிக்கிழமை ஆள் வைத்துத் துடையுங்கள், குழாய்க்குப் புளி போடுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய் உள்ளே எல்லாம் எடுங்கள். குடிநீர் வரும் நாள் வேறு என்றால் அந்தப் படத்தை மட்டும் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். நாலரைக்குத் திரும்பிப் போய் முகப்பும் மொட்டை மாடியும், இருட்டியதும் தெரு. பழைய இருபது படங்களை முழுக்க நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் பார்ப்பவர் இருட்டுப் படத்தைத்தான் நம்புவார். வீடு வாடகைக்குப் போனதும் அன்றைக்கே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், ஆனால் படங்களைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை பெயின்ட் அடித்த அறையை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.